கெலி முட்டை பொரிக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகளின் பின்னால் போய்ப் பார்த்தால் பல இடங்களில் ஒரு கான்வாஸ் தொட்டியாவது இருக்கும். உள்ளே கெலி, அதாவது கெளுத்தி மீன். வளர்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. சொந்தமாகக் குஞ்சு எடுப்பதுதான் ஆளைப் படுத்திவிடும். நான் பல வருடமாகக் குஞ்சு எடுத்து விற்கிறேன். விடிகாலை நான்கு மணிக்கு வரும் போன்களில் ஐந்தாறு கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். "அக்கா, ஊசி போட்டும் முட்டை வரல." "அக்கா, எல்லாம் வெள்ளையாப் போச்சு." ஊசி என்றால் தாய் மீனை முட்டையிட வைக்கும் ஹார்மோன் ஊசி. வெள்ளை என்றால் செத்த முட்டை. அந்த நேரத்தில் கையில் முட்டையோடு நிற்பவருக்கு உடனே பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

இதில் உள்ள கணக்கெல்லாம் ஆப்பிரிக்கக் கெலிக்கு. நம் ஊர்க் கெலிக்கு அப்படியே போடாதீர்கள்.

ஒன்று முதலில். முட்டை எப்போது செத்தது என்று தெரிந்தால், ஏன் செத்தது என்பதில் பாதி தெரிந்துவிடும். ஒரு நோட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: ஊசி போட்ட நேரம், தண்ணீரின் வெப்பம், வயிற்றை அழுத்தி முட்டை பிழிந்த நேரம், முதல் வெள்ளை முட்டை கண்ணில் பட்ட நேரம். இந்த நான்கும் இல்லாமல் என்னைக் கேட்டால் நானும் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும்.

## ஊசி போட்டும் முட்டை வரவில்லை

### வயிறு நன்றாக ஊதியிருக்கிறது, அழுத்தினால் ஒன்றும் வரவில்லை

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பத்தில் எட்டு போன் இங்கேயே முடிந்துவிடும். ஊசிக்கும் முட்டைக்கும் இடையிலான நேரத்தை முடிவு செய்வது தண்ணீரின் வெப்பம். 24 பாகை செல்சியஸில் ஏறக்குறைய 12 மணி நேரம், 26-இல் 10, 28-இல் 8, 30-இல் 7. இது மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாறு போட்டவர்களுக்கான கணக்கு. ஓவாப்ரிம் மாதிரி கடையில் விற்கும் செயற்கை ஹார்மோன் மருந்துக்கு நான் இதைவிட ஒன்றிரண்டு மணி நேரம் கூடவே வைத்துக்கொள்வேன்.

தகரக் கூரைக்குக் கீழே தொட்டி வைத்திருப்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஆரம்பத்தில் நானும் இரவு எட்டு மணிக்கு ஊசி, காலை ஆறு மணிக்குப் பிழிவது என்று ஒரே நேரமாக வைத்திருந்தேன். சில மாதம் அருமையாக வந்தது. மழைக்காலம் வந்ததும் ஒன்றும் வரவில்லை. மருந்துதான் கெட்டுப்போச்சு என்று புது மருந்து வாங்கினேன். பிறகு வெப்பமானியைத் தொட்டியில் போட்டுப் பார்த்தால், சாயங்காலம் 29-ஆக இருந்த தண்ணீர் இரவு மழைக்குப் பிறகு 25-க்கு இறங்கியிருந்தது. மீன் மேல் குற்றமில்லை, மருந்து மேலும் இல்லை. நான் இரண்டு மணி நேரம் முந்திவிட்டேன், அவ்வளவுதான்.

நேரம் ஆகவில்லை என்றால் மீனை விட்டுவிடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை தூக்கி அழுத்திப் பார்த்தால் மீனுக்கு வலிக்கும், உள்ளே இருக்கும் முட்டையும் கெடும். தொட்டியின் அடியில் ஒன்றிரண்டு முட்டை ஒட்டிக் கிடந்தால் தயார் என்று அர்த்தம்.

நேரம் சரி என்றால் அடுத்தது அளவு. ஓவாப்ரிம் என்றால் பெண் மீனுக்குக் கிலோவுக்கு 0.5 மில்லி. 1.2 கிலோ மீனுக்கு 0.6. மீனைத் தராசில் போடாமல் "ஒரு கிலோ இருக்கும்" என்று ஊசி போட்டவர்கள் நிறைய. முதுகுத் துடுப்புக்குக் கீழே, பக்கக் கோட்டுக்கு மேலே, தசையில் ஊசியைச் சாய்த்துக் குத்த வேண்டும். எடுத்ததும் அந்த இடத்தை விரலால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். இல்லையென்றால் பாதி மருந்து வெளியே வழிந்துவிடும்.

கடைசியாகத்தான் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பெட்டியில் வெயிலில் கிடந்த புட்டியா, தேதி முடிந்ததா என்று பாருங்கள். ஒரு தடவை கடையில் யாரோ சின்னப் புட்டியில் மாற்றி ஊற்றிக் கொடுத்ததை வாங்கிவந்து மூன்று தாய் மீன்களை வீணாக்கினேன். லேபிள் உள்ள, மூடி உடைக்காத புட்டியைத் தவிர வேறு எதையும் இப்போது தொடுவதில்லை.

ஓவாப்ரிமுக்குள் இருப்பது சால்மனின் மூளையில் இருக்கும் ஒரு ஹார்மோனின் செயற்கை வடிவம். 1983-இல் சம் சால்மனின் மூளையிலிருந்து அதைப் பிரித்து அடையாளம் கண்டார்கள். கூடவே இருக்கும் டொம்பெரிடோன், மீனின் உடல் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் பிரேக்கை எடுத்துவிடும். பேராக்கில் ஒரு லயத்துக் கொல்லையில் கெலி முட்டையிட ஒரு குளிர்கடல் மீன் உதவுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

### அழுத்தினால் கட்டியாக, இரத்தத்தோடு வருகிறது

உடனே நிறுத்துங்கள். முட்டை இன்னும் பையை விட்டுப் பிரியவில்லை. இரண்டு மணி நேரம் விட்டு ஒரே ஒரு தடவை பாருங்கள். அப்போதும் இரத்தம் வந்தால் அன்றைக்கு அந்த மீன் வேண்டாம். நல்ல தண்ணீரில் தனியாக விட்டுவிடுங்கள். குறைந்தது 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபடி ஊசி. அன்றைக்கே இரண்டாவது ஊசி போட்டுப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் மீனும் இல்லை, முட்டையும் இல்லை.

### வயிறே ஊதவில்லை

அப்படியானால் ஊசி போட்டதே தவறு. ஊசிக்கு முந்தின நாள் மீனைப் பட்டினி போட்டு வயிற்றைப் பாருங்கள். பழுத்த பெண்ணுக்கு வயிறு பின்பக்கம் வரை மெத்தென்று இருக்கும், இனப்பெருக்கத் துளை வீங்கிச் சிவந்திருக்கும். லேசாகத் தடவினால் வரும் முட்டைகள் ஒரே அளவாக, 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஒன்றோடொன்று ஒட்டாமல் பச்சை கலந்த பழுப்பாக இருக்க வேண்டும். சின்னதும் பெரியதுமாகக் கலந்து வந்தால் இன்னும் சில வாரம் பொறுங்கள்.

முன்பக்கம் மட்டும் உருண்டு கெட்டியாக இருந்தால் அது இரைப்பை, இல்லாவிட்டால் கொழுப்பு. சும்மா கிடைக்கிறதே என்று கோழிக் குடலையே போட்டு வளர்த்த தாய் மீனில் இதை அடிக்கடி பார்க்கிறேன். தாய் மீனுக்கு மட்டுமாவது நல்ல தீவனம் வாங்கிப் போடுங்கள்.

ஆணையே பெண் என்று ஊசி போட்டவர்களும் உண்டு. இனப்பெருக்கத் துளை இருக்கும் இடம் கூர்மையாக நீண்ட காம்பு போல இருந்தால் ஆண். வட்டமாகப் பிளந்திருந்தால் பெண்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: வேறு வேறு நாளில், எடை போட்டு, வெப்பம் பார்த்து ஊசி போட்ட மூன்று பெண் மீன்களும் முட்டை விடவில்லை என்றால் தாய் மீன் கூட்டத்திலேயே கோளாறு. மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். புதுத் தாய் மீன் வாங்குவது செலவுதான், ஆனால் நோட்டைக் காட்டிக் கேட்டுவிட்டு வாங்கினால் ஒரே தடவை செலவோடு போகும்.

## முட்டை வந்தது, ஆனால் வெள்ளையாகிறது

எப்போது வெள்ளையானது? இங்கே எல்லாமே அதுதான்.

### தண்ணீரில் போட்ட சில மணி நேரத்தில், எல்லாம் ஒன்றாக

முதலில் பைப் தண்ணீரா என்று பாருங்கள். குளோரின் உள்ள தண்ணீரை ஒரு நாள் முழுக்கக் காற்று விட்டு வைத்திருந்தீர்களா? அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியாவது போட்டீர்களா?

அடுத்து, கால்வாயோ கிணறோ என்றால், அந்த வாரம் தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்தார்களா என்று விசாரியுங்கள். பாரகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. ஆனால் மற்ற களை மருந்துகளைத் தெளிப்பது நிற்கவில்லை. செம்பனை வரிசையில் மருந்தடித்து மழையும் பெய்துவிட்டால் இரண்டு வாரத்துக்கு நான் கால்வாய்த் தண்ணீரை எடுப்பதில்லை. மழைத் தண்ணீரை மட்டும் பிடித்து ஊற்றுவதும் சரியில்லை. உப்புச் சத்தே இல்லாத தண்ணீரில் முட்டை தாங்காது.

தண்ணீர் நல்லது என்றால், முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே அதிக நேரம் இருந்து பழுத்துவிட்டது. நேரம் தாண்டித் தூங்கிவிட்டால் நடப்பது இதுதான். நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மணி நேரத் தாமதமே தெரியும்.

### பொரிக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதியில், 8 முதல் 10 மணி நேரத்துக்குள் வெள்ளை

முட்டை கருவுறவே இல்லை. பிழை முட்டையைப் பிழிந்த அந்த ஐந்து நிமிடத்தில் நடந்திருக்கிறது.

நான் முதலில் கேட்பது துண்டைப் பற்றி. பெண் மீனை நன்றாகத் துடைத்துவிட்டுப் பிழிந்தீர்களா? பாத்திரம் உலர்ந்திருந்ததா? முட்டையில் விந்து நுழைய ஒரே ஒரு நுண்துளைதான். தண்ணீர் பட்டால் அது சீக்கிரமே மூடிக்கொள்ளும். விந்தும் அப்படித்தான், தண்ணீர் பட்ட பிறகு ஒரு நிமிடத்துக்குள் ஓடி ஓய்ந்துவிடும். அதனால் இரண்டும் உலர்ந்த பாத்திரத்தில் முதலில் கலக்க வேண்டும், பிறகுதான் தண்ணீர், பிறகு ஒரு நிமிடம் மெதுவாகக் கிளறல். மயிலிறகோ கோழி இறகோ நல்லது. கரண்டி வேண்டாம். மீனின் வாலிலிருந்து சொட்டிய நாலு துளித் தண்ணீர் ஒரு கிண்ணம் முட்டையைக் கெடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு கிராமில் 600, 700 முட்டை இருக்கும். ஒரு கிண்ணம் என்றால் எத்தனை குஞ்சு என்று கணக்குப் பாருங்கள்.

அடுத்து விந்து. சால்மன் ஆணின் வயிற்றைத் தடவினாலே பால் போல வந்துவிடும். கெலி ஆண் அப்படித் தராது, கொன்றுதான் விந்துப் பையை எடுக்க வேண்டும். ஓர் உயிரைக் கொடுத்து எடுப்பதை அலட்சியமாகக் கையாளக் கூடாது. மீனை முதலில் தலையில் அடித்து உணர்வு இழக்கச் செய்துவிட்டு அறுங்கள். பை வெள்ளையாகத் தடித்து இருந்தால் நல்லது. மெலிந்து கண்ணாடி போல இருந்தால் அந்த ஆண் பழுக்கவில்லை. இரத்தத்தைத் துடைத்துவிட்டு வெட்டி, 0.9 சதவீத உப்புக் கரைசலில் பிழியுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் அதுதான். வெறும் தண்ணீரில் கழுவினால் அங்கேயே முடிந்தது. ஒரு நல்ல ஆண் பல பெண்களுக்குப் போதும், அதனால் பெண்கள் எல்லாம் தயாரான பிறகே ஆணை எடுங்கள்.

### கருவுக்கு வால் தெரிந்த பிறகு, பொரிக்கும் முன்

கருவுற்றது, வளர்ந்தது, பிறகு மூச்சு முட்டியது. முட்டையைக் கொசுவலைச் சட்டத்தில் ஒரே அடுக்காகப் பரப்பினீர்களா? இரண்டு மூன்று அடுக்காகக் கிடந்தால் அடியில் உள்ளவை போய்விடும். காற்றுக் கல் ஓடிக்கொண்டே இருந்ததா? பேராக்கில் மத்தியானத்துக்கு மேல் இடி இடித்தால் மின்சாரம் போவது புதிதில்லை. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வைப்பது ஒரு தொகுதி முட்டையை இழப்பதைவிட மலிவு.

கலங்கல் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். சால்மன் பெண் ஆற்றடிச் சரளைக் கல்லை வாலால் அடித்துக் குழி பறித்து முட்டையை மூடிவைக்கும். கற்களுக்கிடையே தண்ணீர் ஓடுவதால்தான் முட்டை மூச்சு விடுகிறது. மேலே மரம் வெட்டி, வண்டல் இறங்கி அந்த இடுக்கு அடைபட்டால் கரு செத்துவிடும். நம் வலைச் சட்டத்திலும் மண் படிந்தால் அதே கதை.

வெப்பமும் பாருங்கள். 28 பாகையில் ஏறக்குறைய 22 மணி நேரத்தில் பொரிக்க வேண்டும், 25-இல் 27 மணி நேரம். அதற்குமேல் இழுத்தால் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. மத்தியானம் தகரச் சூட்டில் 33, 34 ஏறினாலும் கெடும். கூரைக்குக் கீழே ஒரு பழைய கோணி கட்டினால் போதும், காசு செலவில்லை.

இளைஞர்கள் சில பேர் வீடியோ பார்த்துவிட்டு, சால்மனையே இங்கே பொரிக்க வைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் சால்மன் முட்டைக்கு வேண்டியது குளிர்ந்த தண்ணீர். 8 பாகையில் வைத்தால் பொரிக்க இரண்டு மாதம் ஆகும். நாளையும் பாகையையும் பெருக்கினால் அட்லாண்டிக் சால்மனுக்கு ஏறக்குறைய 500, நம் கெலிக்கு 26 முதல் 28 வரைதான். நம் தொட்டியின் 28 பாகையில் சால்மன் முட்டை பிழைக்காது. சால்மன் வளர்ப்பவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று: கருவுக்குக் கண் தெரியும் வரை அவர்கள் முட்டையை அசைக்கவே மாட்டார்கள். நீங்களும் சட்டத்தை நடுவில் தூக்கி ஆட்டாதீர்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்து, தொடர்ந்து இரண்டு தொகுதி ஒரே கட்டத்தில் செத்தால் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். பழைய ஈய லம்பான் (சுரங்கக்) குட்டைத் தண்ணீர் என்றால் முதல் தடவையே கொடுத்துவிடுங்கள், காத்திருக்க வேண்டாம்.

## முட்டை மேல் பஞ்சு படிகிறது

பூஞ்சை செத்த முட்டையில் பிடித்துப் பக்கத்து நல்ல முட்டைக்குத் தாவும். அதனால் இது தனிப் பிழை அல்ல, மேலே உள்ள பிழையின் மிச்சம். வெள்ளை முட்டை ஏன் வந்தது என்பதைத்தான் தேட வேண்டும். அதுவரை தண்ணீரை ஓடவிடுங்கள், குஞ்சு பொரித்துக் கீழே இறங்கியதும் சட்டத்தைச் செத்த முட்டையோடு வெளியே எடுத்துவிடுங்கள். அடுத்த தடவைக்கு முன் சட்டத்தையும் தொட்டியையும் வெயிலில் நன்றாகக் காயப் போடுங்கள்.

யாராவது மலாக்கைட் பச்சை போடச் சொன்னால் கேட்காதீர்கள். உணவு மீனில் அது தடை செய்யப்பட்டது. நம் பிள்ளைகள் சாப்பிடப் போகும் மீன்.

## பொரித்தது, ஆனால் வளைந்த குஞ்சுகள்

நூற்றுக்குச் சில வளைந்து வருவது சகஜம். நிறைய என்றால் முட்டை பழுத்துப் போன பிறகு பிழிந்திருக்கிறீர்கள், அல்லது சூடு ஏறியிருக்கிறது. இரண்டும் இல்லை என்றால், ஒரே குடும்பத்து அண்ணன் தங்கை மீன்களையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். பக்கத்து ஊர்க்காரரிடம் ஆண் மீனை மாற்றிக்கொள்ளுங்கள்.

## மூன்று நாள் நன்றாக இருந்தது, பிறகு சாகிறது

முதல் மூன்று நாள் குஞ்சுக்கு வயிற்றில் கட்டிக்கொடுத்த சோறு, அதாவது மஞ்சள் கரு, இருக்கும். சால்மன் குஞ்சு இந்தச் சோற்றை வைத்துக்கொண்டு கல்லிடுக்கில் வாரக்கணக்கில் இருக்கும். நமக்கு அந்த வசதியில்லை. மூன்றாம் நாள் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் வாய்க்குள் போகிற அளவில் உயிருணவு தயாராக இருக்க வேண்டும்.

ஒரு டார்ச்சை அடித்துப் பாருங்கள். நல்ல குஞ்சுகள் இருட்டு மூலையில் கொத்தாகக் கூடும், வெளிச்சம் பட்டால் கலைந்து ஓடும். தொட்டி முழுக்கச் சிதறி மந்தமாகக் கிடந்தால் கோளாறு.

வயிறு ஒட்டியிருந்தால் பசி. பொரித்த ஆர்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்), அல்லது மலாயில் குத்து ஆயர் என்று சொல்லும் மொய்னா (தண்ணீர்த் தெள்ளு), நாளுக்கு நாலைந்து தடவை. அவித்த முட்டை மஞ்சளைக் கரைத்து ஊற்றுவது பழைய வழக்கம். பிழைக்கும், ஆனால் மிஞ்சியது ராத்திரிக்குள் தண்ணீரைக் கெடுத்துவிடும். முடிந்தவரை தவிருங்கள்.

வயிறு நிறைந்திருந்தும் சாகிறது, தண்ணீரில் நாற்றம் வருகிறது என்றால் அமோனியா. அடியில் படிந்ததை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை அதே வெப்பத்தில் மாற்றுங்கள். இந்த வயதில் குஞ்சுக்கு மேலே வந்து காற்றுக் குடிக்கும் உறுப்பு இன்னும் வளரவில்லை. "கெலிதானே, சேற்றில் கூடக் கிடக்கும்" என்று நினைப்பது பெரிய மீனுக்குச் சரி, இதற்குச் சரியில்லை.

வயிறு உப்பி வெடித்துச் சாகிறது என்றால் தீவனத்தை உடனே பாதியாகக் குறைத்து, தண்ணீரைச் சுத்தம் செய்யுங்கள். உரசி உரசி நீந்தினால் ஒட்டுண்ணி. லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல்லுப்பு போட்டுப் பாருங்கள்.

ஒரே இரவில் எல்லாமே போய்விட்டதா? அன்றைக்குத் தாமானில் (குடியிருப்பில்) டெங்கிக்குப் புகை அடித்தார்களா என்று கேளுங்கள். அந்த மருந்து குஞ்சுக்கு விஷம், காற்று மோட்டார் அதை நேராகத் தண்ணீருக்குள் இழுத்து விடும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தி, தொட்டியை மூடி, புகை கலைந்ததும் உடனே திறந்து மோட்டாரைப் போடுங்கள்.

## எண்ணிக்கை குறைகிறது, ஆனால் செத்த குஞ்சு இல்லை

ஒன்றை ஒன்று தின்கிறது. சில குஞ்சுகள் மட்டும் திடீரென்று பெரிதாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். உணவு நேரத்தைக் கூட்டுங்கள், ராத்திரியிலும் ஒரு தடவை போடுங்கள். தொட்டியின் ஒரு பக்கத்தை இருட்டாக மூடுங்கள். அப்புறம் இரண்டாம் வாரத்திலிருந்து அளவு பார்த்துப் பிரித்துவிடுங்கள். துளை போட்ட பிளாஸ்டிக் கூடையே போதும்.

பிரித்ததில் மிஞ்சியதை ஆற்றில் விடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெலி இந்த ஆற்று மீன் அல்ல. எதையும் தின்னும், நம் தாத்தாக்கள் தூண்டில் போட்ட மீன்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும். வேண்டாதவற்றைப் பக்கத்து வீட்டுத் தொட்டிக்குக் கொடுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: தண்ணீர் மாற்றி, உணவு சரிசெய்து, இரண்டு நாள் கழித்தும் சாவு நிற்கவில்லை என்றால் நுண்ணோக்கியில் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. கடையில் கிடைக்கும் ஆன்டிபயாட்டிக்கை நீங்களாகக் கரைத்து ஊற்றாதீர்கள். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் சொன்னால் எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்வார்கள். பினாங்கு பத்து மாவுங்கில் துறையின் மீன் நோய் ஆய்வுப் பிரிவு இருக்கிறது. செத்த குஞ்சைக் கொண்டுபோகாதீர்கள், அது சீக்கிரம் அழுகிவிடும். சாகும் நிலையில் உள்ள இருபது குஞ்சு, நல்லதாகத் தெரியும் இருபது குஞ்சு, தனித்தனிப் பையில் காற்று நிரப்பி, தொட்டித் தண்ணீர் ஒரு போத்தல், கூடவே அந்த நோட்டு. வெயில் ஏறும் முன் புறப்படுங்கள்.